கேற்றடியில் மாறுகிற முகங்கள்: பாடசாலை அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வான் சாரதியின் திறந்த மடல்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் பதினொரு வருடமாகப் பாடசாலை வான் ஓடுகிறேன். காலமை ஆறே காலுக்கு நீர்வேலியில் தொடங்கி, கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து, யாழ்ப்பாண நகருக்குள் நாலு பாடசாலைகளில் இறக்குவேன். பின்னேரம் திரும்ப ஏற்றிச் சிலரை வீட்டிலும் சிலரை ரியூசன் வாசலிலும் விடுவேன். வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும். வகுப்பில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் இருக்கிற அந்த முக்கால் மணித்தியாலத்தில் பிள்ளையின் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்கிற ஆள் நான். அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கிற பதகளிப்பை, அதாவது அளவுமீறின பயத்தையும் கவலையையும் பற்றித்தான் எழுதுகிறேன். பெற்றோரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளை அடையாளம் கண்டுபிடிக்க முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

தரம் 1இல் படிக்கிற ஒரு பெண்பிள்ளை என் வானில் வருகிறது. ஏறின நேரம் தொடக்கம் கதைதான். வீட்டு ஆடு குட்டி போட்டது, அம்மம்மா தோசை சுட்டது, அண்ணா தலைமயிரைப் பிடித்து இழுத்தது, ஒன்றும் விடாது. நல்லூர்க் கோயிலடி வந்தால் கும்பிட்டுவிட்டு ஒரு தேவாரமும் படிக்கும். பாடசாலைக் கேற் கண்ணில் பட்டவுடன் கதை நின்றுவிடும். தோள் இறுகும், முகம் மரக்கட்டை மாதிரி ஆகும். இரண்டு தவணை முழுக்க அந்தப் பிள்ளை வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை. சலம் வருகிறது என்று கேட்க ஏலாமல் உடுப்போடு போய், நனைந்த சட்டையோடு என் வானில் ஏறிய நாளும் இருந்தது. 'பிடிவாதம். வாய் திறக்கிற வரைக்கும் நிக்கட்டும்' என்று ஒரு தடவை கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ரீச்சரில் எனக்குக் கோபம் இல்லை. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை இங்கே பேசாவிட்டால் வேண்டுமென்றுதானே செய்கிறது என்று நினைப்பது இயல்பு. சில வருடங்களுக்கு முன்னர் என்றால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

எனக்கு விளங்க வைத்தது எனக்கு வந்த வருத்தம்.

2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பருத்தித்துறைக்கு ஒரு கலியாண ஹயர். ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பிக்கொண்டிருந்தேன். வல்லை வெளியில் பாதித்தூரம் வந்திருப்பேன். இரண்டு பக்கமும் தண்ணீரும் தரவையும், கூப்பிட்டால் கேட்க ஒரு வீடு இல்லை. காரணமே இல்லாமல் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. மூச்சு போதவில்லை. விரல்நுனியும் உதட்டோரமும் விறைத்தன. வேர்த்துக் கொட்டியது. நான் இப்போது சாகப்போகிறேன் என்று முழுமையாக நம்பினேன். வானை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு தம்பிதான் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஈசீஜீ நல்லது, இரத்தச் சோதனை நல்லது. 'ஒண்டுமில்லை, காஸ். வீட்டை போங்கோ' என்றார்கள்.

இரண்டு கிழமையில் இன்னும் இரண்டு தடவை வந்தது. மூன்றாந்தரம் பார்த்த இளம் டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இருந்து கேட்டார். 'தொடங்கி எவ்வளவு நேரத்தில உச்சத்துக்கு வருது?' பத்து நிமிசத்துக்குள்ள என்றேன். 'அடுத்தது எப்ப வரும் எண்டு நினைச்சுக்கொண்டே இருக்கிறீங்களா?' முழு நேரமும் என்றேன். 'இது ஹார்ட் இல்லை அண்ணை. ஆனா நடிப்பும் இல்லை' என்றார். அந்த இரண்டாவது வசனத்தைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்ல, எனக்குள் இருந்த அத்தனையும் பொய் என்று நானே நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

அவர் எழுதித் தந்த துண்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பதினைந்து நாள் திரிந்தேன். உளமருத்துவக் கிளினிக்குக்குப் போவது என்றால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். மனநோய் விடுதியை நினைத்து 'மந்திகைக்கு அனுப்போணும்' என்று பகிடி விட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள். 'வான்காரனுக்கு விசராம்' என்றால் யார் தங்கள் பிள்ளையை என்னோடு அனுப்புவார்கள்? அம்மா பார்வை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார், நூல் கட்டினார். அதில் நான் குறை சொல்லமாட்டேன், திருநீறு பூசிய பிறகு அம்மாவாவது அன்றிரவு நித்திரை கொண்டார். எனக்கு நித்திரை வரவில்லை. கடைசியில் மனைவிதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா.

அங்கே எனக்குச் சொன்னது இதுதான். எனக்கு இருந்தது பீதி நோய். உடம்பின் அபாய மணி ஆபத்து இல்லாத நேரத்தில் தானாக அடிக்கிறது. மூச்சை வேகமாக எடுக்க எடுக்க இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது, அதனால்தான் விரலும் உதடும் விறைக்கின்றன. இதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. வல்லைப் பக்கம் ஹயர் வந்தால் வான் பிழை என்று பொய் சொன்னேன். பிறகு அச்சுவேலிக்கும் போகவில்லை. பிறகு சந்தைச் சனத்துக்குள், பிறகு பஸ்ஸுக்குள் போக ஏலாமல் போனது. பீதி வந்தால் தப்பிப் போக வழியில்லை, உதவிக்கு ஆள் இல்லை என்று தோன்றுகிற இடங்களையெல்லாம் விட்டு விலகுவதற்கு அகோராஃபோபியா என்று பெயர். ஒவ்வொரு தடவை விலகும்போதும் அந்த நேரத்துக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி என்று டொக்டர் சொன்னார்.

பதகளிப்பு என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் பாவிக்கிறோம். 'பதகளியாதை' என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவோம். ஆனால் அது ஒரே வருத்தம் இல்லை, ஒரு குடும்பம். அண்ணன் தம்பிக்குள் சாயல் இருந்தாலும் குணம் வேறு. மருந்தும் அணுகுமுறையும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பிள்ளைக்கு நல்லது செய்வது இன்னொரு பிள்ளையைக் கெடுக்கும். இதைச் சொல்லத்தான் இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

அந்தத் தரம் 1 பிள்ளைக்கு இருப்பதை டொக்டர்கள் செலெக்ரிவ் மியூற்றிசம் என்கிறார்கள். வீட்டில் சரளமாகக் கதைக்கிற பிள்ளைக்குப் பாடசாலை போன்ற இடங்களில் பயத்தால் குரல் எழும்பாது. ஐந்து வயதுக்கு முன்னரே தொடங்குவதுதான் வழமை, பாடசாலை போகத் தொடங்கும்போதுதான் வெளியே தெரியவரும். புதிதாகச் சேர்ந்த முதல் மாதத்தை இதில் கணக்கெடுப்பதில்லை, எந்தப் பிள்ளையும் புது இடத்தில் கொஞ்ச நாள் அடங்கித்தான் இருக்கும். பேசாமல் இருப்போம் என்று பிள்ளை தீர்மானிக்கவில்லை. தொண்டை பூட்டிக்கொள்கிறது. நிறுத்தி வைத்தால் பூட்டு இன்னும் இறுகும். 'ஒரு சொல்லுச் சொல்லு, ரொபி தாறன்' என்று எல்லோருக்கும் முன்னால் கெஞ்சினாலும் அதேதான் நடக்கும்.

தரம் 3இல் ஒரு பொடியன். தகப்பன் கட்டாரில் வேலை. ஒவ்வொரு நாளும் இருபாலைச் சந்தி தாண்டியதும் என் போனைக் கேட்பான், 'மாமா, அம்மாவுக்கு ஒரு கோல்'. ஞாயிறு பின்னேரம் தொடங்கி வயிற்றுவலி, திங்கள் காலமை சத்தி. சனிக்கிழமை ஒன்றும் இராது. அதைப் பார்த்துத்தான் 'கள்ள வயிற்றுவலி' என்று சொன்னார்கள். வலி உண்மையானது. தான் பாடசாலையில் இருக்கும்போது அம்மாவுக்கு ஏதும் நடந்துவிடும் என்ற பயம் வயிற்றில் வந்து நிற்கிறது. இது பிரிவுப் பதகளிப்பு. பிள்ளைகளில் நாலு கிழமைக்கு மேல் நீடித்து, படிப்பையும் நித்திரையையும் குழப்பினால் கவனிக்க வேண்டும். இந்தப் பிள்ளையை அழுகிறான் என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் வருத்தம் கூடும். கேற்றடியில் ஒவ்வொரு நாளும் அதே ஒரு ரீச்சர் சிரித்த முகத்தோடு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் போதும். அம்மாமாரும் விடைபெறுவதை நீட்டக்கூடாது.

தரம் 10இல் ஒரு பெண்பிள்ளை இருக்கிறா. அவவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இப்படியான பிள்ளைகளை நீங்கள் நல்ல பிள்ளைகள் என்று நினைத்துத் தவறவிடுகிறீர்கள். இரண்டு மணிக்கு வானில் ஏறினதும் பின் சீற்றில் இருந்துகொண்டு காலமைச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பா. புட்டும் சம்பலும் ஆறிப்போய், சிலவேளை புளித்த மணமும் வரும். ஒரு நாள் கேட்டேன், ஏன் பிள்ளை இடைவேளைக்குச் சாப்பிடவில்லை என்று. 'எல்லாரும் பாப்பினம் மாமா' என்றா. சாப்பிடும்போது கை நடுங்குமாம், நடுங்குவதை மற்றப் பிள்ளைகள் கண்டு சிரிப்பார்களாம். அதற்காக ஒன்றரை வருடம் பட்டினி. வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொல்லுகிற நாளில் காலமையே முகம் வெளிறியிருக்கும். ஆனால் அவவுடைய முன்னேற்ற அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'அமைதியான, அடக்கமான மாணவி.' எங்கள் ஊரில் பெண்பிள்ளை தலை குனிந்து நடந்தால் அதற்குப் புகழ்ச்சி. அந்தப் புகழ்ச்சிக்குப் பின்னால் ஒரு வருத்தம் ஒளிந்திருந்தால் யார் தேடுவார்கள்? கூச்சம் எல்லாம் நோய் இல்லை. கூச்சப்படுகிற பிள்ளை மெல்ல மெல்லப் பழகிக் கலந்துவிடும். மற்றவர்கள் தன்னைக் குறைவாக எடைபோடுவார்கள் என்ற பயம் ஆறு மாதத்துக்கு மேல் நின்று, சாப்பாட்டையும் சிநேகிதத்தையும் பாடங்களையும் விட்டு விலக வைத்தால் அது சமூகப் பதகளிப்பு. பிள்ளைகளில் அதைக் காண்பதற்கு ஒரு வழி, பெரியவர்களோடு மட்டுமா, தன் வயதுப் பிள்ளைகளோடும் அப்படியா என்று பார்ப்பது.

அப்படியே இன்னொரு 'நல்ல பிள்ளை'. புலமைப்பரிசில் வகுப்புப் பொடியன். 'மாமா, ரயருக்குக் காத்து இருக்கா? மழை பெய்தா றோட்டு வெட்டுப்படுமா? வெட்டுப்புள்ளி எடுக்காட்டி அப்பாவுக்கு வருத்தம் வருமா?' ஒன்றுக்குப் பதில் சொன்னால் அடுத்தது வரும். அவனுக்குத் தலையிடி, கழுத்து உளைவு, நித்திரையில் எழும்புகிற பழக்கம். ஒரு பொருளில் நில்லாமல் எல்லாவற்றிலும் தாவித் தாவிப் போகிற கவலை, ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் இருந்தால், பொதுவான பதகளிப்பு நோய் என்கிறார்கள். 'ஒண்டும் நடக்காது' என்று நூறு தரம் சொன்னாலும் அடங்காது. கவலையோடு ஒரு நாளைக் கடக்கப் பழக்க வேண்டும். அவனை இன்னும் இரண்டு மாதிரிப் பரீட்சைக்கு இருத்துவது உதவி ஆகாது.

தடுப்பூசி போடுகிற நாளில் நடப்பது தனி விசயம். மற்றப் பயங்களில் நெஞ்சு வேகமாக அடிக்கும், ஆள் விழுவது அரிது. ஊசி, இரத்தம், காயம் இவற்றின் மீதான ஃபோபியாவில் இரத்த அழுத்தம் முதலில் ஏறிப் பிறகு சட்டென்று இறங்கும், பிள்ளை உண்மையாகவே மயங்கி விழும். 'மூச்சை விடு, உடம்பைத் தளர்த்து' என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னால் அழுத்தம் இன்னும் இறங்கும். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து வினாடி இறுக்கி, விட்டு, திரும்ப இறுக்கச் சொல்லவேண்டும். பிள்ளையைப் படுக்க வைத்து ஊசி போடவேண்டும். வரிசையில் நிற்கிற மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் 'பயந்தாங்கொள்ளி' என்று சொல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பீதி பற்றி என் கதையில் சொல்லிவிட்டேன். உயர்தரப் பிள்ளைகளில் இதை இப்போது அடிக்கடி காண்கிறேன். இரவிரவாகக் கோப்பியும் சக்திப் பானமும் குடித்துப் படிக்கிறார்கள், அதுவும் படபடப்பைக் கிளப்பும். இழுப்புக்குப் பாவிக்கிற பம் நெஞ்சிடியைத் தரும். தைரொயிட்டும் இரத்தச்சோகையும் இதே போல வேசம் போடும். ஆகையால் முதல் தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் கட்டாயம் டொக்டரிடம் காட்டவேண்டும். பீதிதான் என்று தெரிந்த பிறகு வருகிற தடவைகளில், பக்கத்தில் இருந்து, மூச்சை மெல்ல நீட்டி வெளியே விடச் சொல்லி, 'இது கொஞ்ச நேரத்தில இறங்கும்' என்று சொல்லுங்கள். இறங்கியதும் வகுப்புக்கே போகட்டும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் பண்ணி வீட்டுக்கு ஏற்றி அனுப்பினால், வல்லை வெளியை நான் விட்டு விலகியது போலத்தான் ஆகும்.

கை கழுவிக் கழுவித் தோல் உரிகிற பிள்ளையும், பையைப் பதினைந்து தரம் திறந்து பார்க்கிற பிள்ளையும் உண்டு. இது எண்ணச் சுழற்சி நோய், ஆங்கிலத்தில் ஓசிடி. இதை முன்னர் பதகளிப்பு நோய்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூல் 2013இல் திருத்தப்பட்டபோது அதைத் தனி அத்தியாயமாக்கினார்கள். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயும் அப்படித் தனியாகப் போனது.

இந்தக் கடைசிப் பெயர்தான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் அப்பாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதை என்னால் மறக்க ஏலாது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் பல வருடமாகப் பேசியும் எழுதியும் வந்ததால்தான் மனவடு என்ற சொல் எங்கள் வாயில் வந்தது, அதற்கு நன்றி. ஆனால் இப்போது இன்னொரு பிழை நடக்கிறது. யாருக்கு எது வந்தாலும் 'சண்டைக்குள்ள வளந்தது, அதாலதான்' என்று முடித்துவிடுகிறோம். என் வானில் வருகிற பிள்ளைகளில் அநேகர் 2009இல் சண்டை முடிந்த பிறகு பிறந்தவர்கள். தாய் தகப்பனின் பயத்தை வீட்டுக்குள் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்தான். ஆனாலும் வயிற்றுவலியோடு வருகிற பொடியனுக்கு அவனுடைய பயத்தின் பெயர் தெரிந்து உதவி கிடைக்கவேண்டும், எங்களுடைய பயத்தின் பெயர் இல்லை.

2019இல் உலகத்தில் 30 கோடிப் பேருக்குப் பதகளிப்பு நோய் இருந்தது, அதில் 5 கோடியே 80 இலட்சம் பேர் பிள்ளைகளும் பதின்ம வயதினரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கிறது. அந்த ஒருவனாக நான் இருந்தேன். எனக்கு ஒரு குளிசை தந்தார்கள். அது வேலை செய்யச் சில கிழமை எடுத்தது. பக்கத்து வீட்டு அண்ணை தந்த நித்திரைக் குளிசையைப் போல அன்றைக்கே அமத்தாது, அது போலப் பழக்கமாகவும் ஆகாது. குளிசையோடு, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நேரே பார்க்கிற பயிற்சி. முதல் கிழமை அச்சுவேலிச் சந்தி வரை. பிறகு வல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வானை நிறுத்தி, பயம் ஏறி, தானாக இறங்குகிற வரைக்கும் இருந்தேன். மூன்றாம் மாதம் பாலத்தைக் கடந்தேன். பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இந்தப் படிமுறைதான், அநேகம் பேருக்குக் குளிசையே தேவைப்படாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 'பஞ்சி', 'நடிப்பு', 'பிடிவாதம்' என்று எழுத முதல் பிள்ளை எதை, எங்கே, எந்த நாளில் தவிர்க்கிறது என்று இரண்டு கிழமை குறித்து வையுங்கள். வான்காரரிடமும் கேளுங்கள், எங்களிடம் யாரும் கேட்பதில்லை. உளவளத்துணை ஆசிரியரை வராத ரீச்சரின் பாடத்துக்கு அனுப்பாமல், கதவு சாத்தக்கூடிய ஒரு அறையையும் நேரத்தையும் கொடுங்கள். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும்போது தலைவாசலில் மற்றவர்களுக்கு முன்னால் வைத்துப் பேசாதீர்கள், உள்ளே இருத்திப் பேசுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்தாலும் கதைக்கலாம். இந்த இலக்கத்தை அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்கு ஒரு தாள் போதும்.

அந்தத் தரம் 1 பிள்ளையின் கதை இன்னும் முடியவில்லை. கிளினிக்கில் சொல்லிக் கொடுத்தபடி, வகுப்பு ரீச்சர் பின்னேரங்களில் என் வானுக்குள் வந்து இருக்கத் தொடங்கினா. பிள்ளையைப் பார்க்கமாட்டா, கேள்வி கேட்கமாட்டா, கொப்பி திருத்துவா. பிள்ளை என்னோடு கதைக்கும். முதல் கிழமை காதுக்குள்தான், பிறகு மெல்லிய குரலில், பிறகு ரீச்சர் இருப்பதையே மறந்து. போன மாதம் ஒரு நாள் ரீச்சர் வானால் இறங்கி நடக்க, பிள்ளை யன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, 'ரீச்சர், எங்கட ஆடு திரும்பக் குட்டி போட்டிட்டுது' என்றது. ரீச்சர் திரும்பிப் பார்த்து, 'எத்தினை குட்டி?' என்று கேட்டா. இரண்டு விரலைக் காட்டியது. வகுப்புக்குள் இன்னும் பேசவில்லை. இப்போதைக்குக் கேற்றடி வரை வந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஒரு வான் சாரதி,
நீர்வேலி